அரிப்பு என்றாலே பூஞ்சைதானா?

ஜூன் 4, கேள்வி

நான்கு மாதமாக அரிப்பு, எரிச்சல், கொஞ்சம் வெள்ளைப்படுதல். பூஞ்சைதான் என்று க்ரீம் வாங்கி இரண்டு தடவை முழுதாகப் போட்டாயிற்று. போடும்போது லேசாக அடங்குகிறது, பத்து நாளில் மறுபடியும் வந்துவிடுகிறது. சோப்பு போதவில்லையோ என்று, அதற்கென்றே விற்கும் வாசனை வாஷ் ஒன்று வாங்கி ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவுகிறேன், உள்ளேயும் சேர்த்து. இதற்கு மேல் எப்படிச் சுத்தம் செய்வது அக்கா? வயது 29, கல்யாணமாகிவிட்டது, வேறு நோய் எதுவும் இல்லை.

ஜூன் 4, இரவு

முதலில் உள்ளே கழுவுவதை நிறுத்துங்கள். இன்றைக்கே. மற்றதெல்லாம் அப்புறம்.

யோனிக்குள் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா கூட்டமாகக் குடியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் வயதில் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் சேரும். அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைத் தின்று இந்தக் கூட்டம் லாக்டிக் அமிலத்தை வெளியே விடும். அதனால்தான் உள்ளே பி.ஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.8 முதல் 4.5 வரை, புளிப்பாகவே இருக்கிறது. கண்ட கிருமியும் வந்து அங்கே கடை விரிக்க முடியாது. நீங்கள் வாஷைப் பீய்ச்சி அடித்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது இந்தக் காவல்காரர்களைத்தான். வெளியே வெறும் தண்ணீர் போதும். சோப்பு வேண்டும்தான் என்றால் வாசனை இல்லாதது, வெளித்தோலுக்கு மட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே அரிப்பு. க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை க்ரீமை நானே வாங்கி மூன்று சுற்று போட்டேன். மூன்றாவது சுற்றில் தோல் சிவந்து உரிய ஆரம்பித்தது. நடந்தால் எரிச்சல், உட்கார்ந்தால் எரிச்சல். அலுவலகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, முதுகுவலி என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன். கடைசியில் போய்க் காட்டினால், மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை ஒன்றுகூட இல்லை. "தினமும் பேன்டி லைனர் வைக்கிறீர்களா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். ஆமாம், உள்ளாடையில் ஒட்டும் அந்த மெல்லிய பேட், ஆறு மாதமாக, வாசனை போட்டது. அதுதான். தோல் ஒவ்வாமை. அதற்கு மேலே க்ரீம் வேறு எரிச்சலைக் கூட்டியிருந்தது. லைனரையும் க்ரீமையும் நிறுத்தி, டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பைக் கொஞ்ச நாள் போட்டதும் அடங்கிவிட்டது.

உங்களுடையதும் இதேதான் என்று நினைக்கிறேன். வாஷைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

ஜூன் 5

வெள்ளைப்படுதல் பற்றி நேற்று ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நம் மொழியில் இருக்கும் ஒரு சிக்கல் இது. இயல்பாக வரும் கசிவுக்கும் நோயால் வரும் கசிவுக்கும் ஒரே சொல்தான். "வெள்ளைப்படுகிறது" என்றாலே வீட்டில் முகம் மாறிவிடும். ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதுவரை தினமும் கொஞ்சம் கசிவது உடம்பின் வேலை. கருமுட்டை வெளிவரும் நாட்களையொட்டி அது அதிகமாகும். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, விரலுக்கு நடுவே இழுத்தால் நூல் போல நீளும். அதற்குப் பிறகு கெட்டியாகி வெளுப்பாகும். உள்ளாடையில் காய்ந்தால் லேசான மஞ்சள் கறை. இவ்வளவும் இயல்பு. கர்ப்ப காலத்தில் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இயல்பு இல்லாததை நிறத்தை வைத்தே பிடித்துவிடலாம். திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக, வாடை இல்லாமல், அரிப்போடு வந்தால் பூஞ்சை. சாம்பல் நிறத்தில் நீர்க்க, மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது காவல்காரக் கூட்டம் குறைந்து வேறு பாக்டீரியா பெருகிவிடுவது. பச்சையும் மஞ்சளுமாக நுரையோடு வந்தால் ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி.

ஜூன் 6

நேற்று எழுதிய கடைசிப் பத்தியை நம்பி யாரும் மருந்து வாங்கிவிடாதீர்கள். படுக்கப்போகும்போதே உறுத்தியது.

அந்த மூன்று வர்ணனையும் பொய்யில்லை. ஆனால் நிஜ உடம்பு வர்ணனைப்படி நடந்துகொள்வதில்லை. பூஞ்சையில் சில நேரம் கசிவே இருக்காது, அரிப்பு மட்டும்தான். ட்ரைக்கோமோனஸ் பல பேருக்கு அறிகுறியே காட்டாது. இரண்டு தொற்று ஒன்றாகவும் வரும். 2002இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், தங்களுக்குப் பூஞ்சை என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். வெறும் பூஞ்சை மட்டும் இருந்தது மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ், கலப்புத் தொற்று என்று வேறு வேறு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே பூஞ்சை வந்து பழகியவர்கள்கூட மற்றவர்களைவிடச் சரியாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

நான் மூன்று சுற்று க்ரீம் போட்டது ஞாபகம் வந்தது. அந்த 95 பேரோடு என்னையும் 96ஆகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 6, மாலை

நிற அட்டவணையைப் படமாகப் போடச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மேலே எழுதியதைப் படித்துவிட்டுமா? மாட்டேன்.

ஜூன் 9

"எங்கே அரிக்கிறது?" என்று அன்றைக்கு டாக்டர் கேட்டார். "அங்கேதான்" என்றேன். "அங்கே என்றால்?" "கீழே." "கீழே எங்கே? உள்ளேயா, வெளியேயா?" நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வயது, முதுகலைப் பட்டம், ஒரு பிள்ளை வேறு. பதில் சொல்ல வார்த்தை இல்லை.

யோனி என்பது உள்ளே போகும் பாதை மட்டும். வெளியே தெரியும் மடிப்புகளும் தோலும் வேறு. அதை வல்வா என்கிறார்கள். நம்மிடம் அதற்குப் புழக்கத்தில் ஒரு சொல் கிடையாது. இருப்பதெல்லாம் வசவாகப் போய்விட்டது. ஆனால் இந்த வித்தியாசத்தில்தான் பாதி விடை இருக்கிறது. வெளித்தோலில் மட்டும் அரிப்பு, உள்ளே ஒன்றுமில்லை என்றால் ஒவ்வாமை, எக்ஸிமா போன்ற தோல் சமாச்சாரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சிறுநீர் எரிச்சலும் அப்படித்தான். சிறுநீர் வெளியே வந்து புண்ணான தோலில் படும்போது சுரீர் என்றால், காரணம் தோலில். உள்ளுக்குள்ளேயே எரிந்து, போய்விட்டு வந்த ஐந்து நிமிடத்தில் மறுபடி போகத் தோன்றி, போனால் நாலு சொட்டு என்றால் சிறுநீர்த் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் 4 செ.மீ. அளவுதான். கிருமிக்கு அது பெரிய தூரமே இல்லை. முன்னாலிருந்து பின்னால் துடைக்கச் சொல்வது அதனால்தான்.

வார்த்தை வராவிட்டால் "வெளித்தோல்", "உள்ளே", "சிறுநீர் வரும் இடம்" என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னாலே போதும்.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். அவர் சம்மதத்தோடுதான் இங்கே சொல்கிறேன்.

வாஷை நிறுத்திப் பத்து நாளுக்கு மேல் ஆகியும் மாற்றமில்லை. டாக்டரிடம் போயிருக்கிறார். பாக்டீரியல் வஜைனோசிஸ். தோல் ஒவ்வாமை இல்லை, பூஞ்சையும் இல்லை.

அதாவது நான் சொன்னது தப்பு. எனக்கு வந்தது ஒவ்வாமை என்பதால் அவருக்கும் அதுதான் என்று, ஆளைப் பார்க்காமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கடையில் தானே பூஞ்சை என்று முடிவுகட்டிய அந்த 95 பேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

விடை அவர் கேள்வியிலேயே இருந்தது என்பதுதான் கூடுதல் வெட்கம். வாசனை வாஷ் எதற்கு வாங்கினார்? வாடை இருந்ததால். அதை எழுத அவருக்குக் கூச்சம். கேட்க எனக்குத் தோன்றவில்லை. உறவுக்குப் பிறகு வாடை தூக்கலாக இருக்குமாம். அதற்காகவே பல மாதமாகக் கணவரிடமிருந்து விலகிப் படுத்திருக்கிறார். விந்து காரத்தன்மை உள்ளது. அது பட்டதும் அந்த வாடை கிளம்புவது இந்த நோயின் தெரிந்த குணம். கிட்டத்தட்ட பாடப்புத்தக வாக்கியம்.

ஜூன் 17

பரிசோதனைக்குப் பயமாக இருக்கிறது, என்ன செய்வார்கள் என்று நிறையக் கேள்வி. என் அனுபவமும் அவர் சொன்னதும் சேர்த்து:

படுத்து, முழங்காலை மடக்கி, காலை அகற்றிக்கொள்ள வேண்டும். முதலில் வெளித்தோலை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அப்புறம் ஸ்பெகுலம், உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி, வாத்து மூக்கு போல இருக்கும். ஜில்லென்று இருக்கும், அழுத்தமாக இருக்கும், ஆனால் குத்தக் கூடாது. வலித்தால் "நிறுத்துங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லலாம், நிறுத்தத்தான் வேண்டும். சின்ன அளவு இருக்கிறதா என்றும் கேட்கலாம். மூச்சை இழுத்துப் பிடித்தால் தசை இறுகும்; மெதுவாக வெளியே விட்டால் தளரும். பஞ்சுக் குச்சியால் ஒரு துளி எடுப்பது தெரியக்கூடத் தெரியாது.

அந்தத் துளியில் என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. ஒரு சின்னக் காகிதத்தில் தொட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பி.ஹெச் 4.5க்கு மேல் போனால் புளிப்பு குறைந்துவிட்டது, காவல் போய்விட்டது என்று அர்த்தம். பூஞ்சைத் தொற்றில் பெரும்பாலும் இந்த எண் மாறாது. இன்னொரு துளியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால், பாக்டீரியல் வஜைனோசிஸாக இருந்தால், குப்பென்று மீன் வாடை வரும். ஆமாம், டாக்டர் மூக்கால் முகர்ந்துதான் பார்க்கிறார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் யோனிச் செல்களின் ஓரம் தெரியாதபடி பாக்டீரியா பொடி தூவியது போல ஒட்டியிருக்கும். கசிவின் தன்மையோடு சேர்த்து இந்த நான்கில் மூன்று இருந்தால் உறுதி. 1983இல் வகுத்தது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

மாதவிடாய் நாளிலும் உறவு கொண்ட மறுநாளும் போகாதீர்கள், ரத்தமும் விந்துவும் பி.ஹெச்சைக் கூட்டிக் காட்டிவிடும். முக்கியமாக, டாக்டரைப் பார்க்கப்போகிறோமே என்று உள்ளே கழுவிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். "தடயத்தை அழித்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறீர்கள்" என்றார் டாக்டர்.

ஜூன் 19

அவருக்குக் கொடுத்தது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக், காலை மாலை, ஏழு நாள். வாயில் இரும்பு ருசி, கொஞ்சம் குமட்டல். மூன்றாம் நாளே வாடை போய்விட்டதாம். நாள் முடியும்வரை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட பழக்கம், திரும்பி வரும். குணமானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. வந்தவுடன் "நான் சுத்தமாக இல்லை" என்று பெண் தன்னையே நொந்துகொண்டு இன்னும் அதிகமாகக் கழுவுவாள். அது இன்னும் கெடுக்கும். துணைவருக்கு மருந்து வேண்டாம் என்றுதான் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். 2025இல் வந்த ஒரு ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. நிலையான ஒரே துணையோடு இருப்பவர்களில், ஆணுக்கும் சேர்த்து மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது, மூன்று மாதத்துக்குள் திரும்பி வருவது 63 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்தது. திரும்பத் திரும்ப வருகிறவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ட்ரைக்கோமோனஸாக இருந்தால் கேட்கவே வேண்டாம், இருவருக்கும் மருந்து கட்டாயம்.

ஜூன் 19, சற்று நேரம் கழித்து

"நோந்துகொண்டு" என்று முதலில் தட்டிவிட்டுத் திருத்தினேன். எழுத்தில் நோவு கூடியது போல் இருந்தது.

ஜூன் 27

பேச்சு மாதவிடாய் வலிப் பக்கம் போய்விட்டது. போகட்டும்.

கருப்பையின் உட்சுவரில் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, கருப்பையை முறுக்கிப் பிழிகிறது. வலி அதிலிருந்து. ஐப்யூப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. ஆகவே உதிரம் தொடங்கும்போதே, முடிந்தால் அதற்கு முந்தின நாளே, போட்டால்தான் முழுப் பலன். வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவது, கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துவது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதை லேசாக எடைபோடாதீர்கள், அது நிஜமாகவே வேலை செய்கிறது.

என் அக்காவுக்கு இது எதுவும் வேலை செய்யவில்லை. பதினாறு வயதில் தொடங்கி, வருடத்துக்கு வருடம் வலி ஏறிக்கொண்டே போனது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் குத்தல். "எல்லோருக்கும் வருவதுதான், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றார்கள். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. எனக்கு வலி கம்மி, அதனால் அவள் மிகைப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் இன்னும் உறுதியாக நினைத்தேன். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்று பெயர் கிடைத்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் அது இருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உலகில் பிள்ளைபெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது.

அவள் அதைப் பற்றி என்னிடம் கோபப்பட்டதே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜூன் 28

வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே போக வேண்டியவை: காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வயிற்று வலி (கரு குழாயில் தங்கியிருக்கலாம், தாமதம் உயிருக்கு ஆபத்து), மணிக்கு ஒரு பேட் நனைந்து அது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்வது. கர்ப்பிணிகள் எந்தக் கசிவுக்கும் தாமாக மருந்து போட வேண்டாம்.

ஜூலை 8

இதையெல்லாம் என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். 64 வயது. கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, "எனக்கு ராத்திரியில் மட்டும் அரிக்கிறதுடி, ரெண்டு வருஷமா" என்றார். இரண்டு வருடம்! பவுடர் போட்டுச் சமாளித்திருக்கிறார்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, தோல் மெலிந்து, வறட்சி, எரிச்சல் எல்லாம் வரும். அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு வாய் வரை வந்தது. ஜூன் 16ஐ நினைத்து மூடிக்கொண்டேன். கூட்டிக்கொண்டு போனேன். வறட்சியும் இருந்தது, ஆனால் அரிப்புக்குக் காரணம் வேறு. வெளித்தோல் காகிதம் போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்றார் டாக்டர். தொற்று இல்லை, யாரிடமிருந்தும் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது. இதைக் கேட்டதும்தான் அத்தையின் தோள் கொஞ்சம் இறங்கியது. க்ளோபெட்டசோல் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, தொடக்கத்தில் தினமும் இரவில், அப்புறம் படிப்படியாகக் குறைத்து. விட்டுவிட்டால் தழும்பாகும். அந்தத் தோலில் சிறிய அளவில் புற்றுநோய் வாய்ப்பும் இருப்பதால் வருடாவருடம் காட்ட வேண்டும்.

முதல் குறிப்பில் களிம்பு போட்டேன் என்று நான் எழுதியதைப் பார்த்துப் பெயர் கேட்டு எழுதியவர்களுக்கும் இதுதான் பதில். ஸ்டீராய்டை, பூஞ்சை இருக்கும் இடத்தில் தெரியாமல் போட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பெயர் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்டிவிட வேண்டும். பல நேரம் சாதாரணக் காரணம்தான், ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான்.

ஆகஸ்ட் 2

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ஒரு மாதம் நிம்மதியாக இருந்தாராம். போன வாரம் திடீரென்று அரிப்பு, தாங்க முடியாத அரிப்பு. இந்த முறை எதுவும் வாங்கவில்லை, நேராக டாக்டரிடம் போயிருக்கிறார். போனவுடன் அவரே சொல்லியிருக்கிறார், "இது பூஞ்சையாக இருக்காது டாக்டர், எனக்குத் தெரியும்."

பூஞ்சையேதான். பி.ஹெச் சரியாக இருந்தது, மைக்ராஸ்கோப்பில் இழை இழையாகத் தெரிந்தது. ஆன்டிபயாடிக்குக்குப் பின்னால் இப்படி வருவது சகஜம். ஃப்ளூகோனசோல் 150 மி.கி., ஒரே மாத்திரை. கொடுக்கும் முன்னால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்களாம். வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வந்தால் சர்க்கரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"இந்தத் தடவை க்ரீம் வாங்கியிருந்தால் சரியாக இருந்திருக்கும் போல அக்கா" என்று எழுதிவிட்டு நாலு சிரிப்புப் படம் போட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 2, இரவு

மேசை இழுப்பறையில் வேறு எதையோ தேடும்போது என் பழைய ட்யூப் கிடைத்தது. பாதி அப்படியே இருக்கிறது. காலாவதியாகி ஆறு வருடம்.